கானகம் காண எப்பருவம் நற்பருவம்?

“காட்டு யானைகளைப் பார்க்க எந்த மாதத்தில் போகவேண்டும், சேர்?”

வகுப்பில் மாணவன் ஒருவன் இவ்வாறு கேட்டபோது, அதனை மிக எளிய வினா என்றே எண்ணினேன். ஆபிரிக்காவின் செரெங்கெட்டிப் புல்வெளியில் இலட்சக்கணக்கான விலங்குகள் திரண்டு ஆற்றைக் கடக்கும் காட்சியை அவன் திரைப்படமொன்றிற் கண்டிருந்தான். அக்காட்சியின் வியப்பு அவன் கண்களை விட்டு அகலவில்லை. “ஆபிரிக்கா வரை போவானேன்? கண்டியிலிருந்து மூன்று மணி நேரப் பயணத்தில் மின்னேரியாக் குளம் இருக்கிறது. வருகிற விடுமுறையில் எல்லாரும் போவோம்” என்று பெருமிதத்தோடு கூறினேன். வந்த விடுமுறையோ டிசெம்பர் விடுமுறை. அது நல்ல பருவந்தானா என்று நான் ஒரு கணமும் சிந்தித்தேனல்லேன்.

நாங்கள் சென்றடைந்த நாளில் வானம் கருத்துக் கிடந்தது. குளம் கடல்போல் விரிந்து, கரையோரத்து மரங்களின் அடியை நனைத்துக்கொண்டிருந்தது. மூன்று மணி நேரம் ஜீப்பிற் சுற்றினோம். கண்டது சில மயில்கள்; ஒரு நரி; சேற்றிற் பதிந்த பெரிய காலடிகள் சில. மாணவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் சாரதியைப் பார்த்தேன். அவர் சிரித்துவிட்டு, “காடெல்லாம் தண்ணீர், மாத்தயா. யானை இங்கே வருவதற்கு என்ன தேவை இருக்கிறது?” என்றார்.

அந்த ஒரு வாக்கியத்திலே எனக்குப் பாடம் தொடங்கியது. நாம் நமது விடுமுறையை எண்ணிப் புறப்பட்டோம். யானையோ தனது தேவையை எண்ணி நடக்கின்றது. இவ்விரண்டு கணக்கும் என்றைக்கு ஒன்றுபடுகின்றனவோ அன்றே கானகம் காண்போர்க்கு நற்பருவம். ஆயின், அந்தத் தேவை எத்தகையது, அதனை ஆக்குவது யார் என்பதை அறிய மேலும் இரண்டு பயணங்கள் வேண்டியிருந்தன.

சபரும் சஃபாரியும்

‘சஃபாரி’ என்னும் சொல் கிழக்கு ஆபிரிக்காவின் சுவாகிலி மொழியினின்று உலகெங்கும் பரவியது. பயணம் என்பதே அதன் பொருள். ‘சபர்’ என்னும் அரபுச் சொல் அதற்கு மூலம். இச்சொல் தமிழர்க்குப் புதியதன்று. கடல்கடந்து சென்று பொருளீட்டும் முஸ்லிம் மக்களைச் சபராளிகள் என்று தமிழகத்துக் கரையோர ஊர்களில் வழங்குவர். பயணத்தைக் குறித்த சொல், வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் வேட்டைப் பயணத்தைக் குறிக்கலாயிற்று. இன்று துப்பாக்கியின் இடத்தை நிழற்படக் கருவி பிடித்துக்கொண்டது.

ஆபிரிக்காவுக்குச் செல்வோர் பருவம் பார்த்தே செல்வர். கென்யாவிலும் தன்சானியாவிலும் மார்ச் முதல் மே வரை நெடுமழை. நவம்பர், டிசெம்பரிற் குறுமழை. ஜூன் முதல் ஒக்டோபர் வரை வறண்ட காலம். வில்டபீஸ்ட் எனப்படும், மாட்டை ஒத்த மான்கள் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டவை மழையையும் இளம்புல்லையும் தேடி ஆண்டு முழுதும் வட்டமிட்டு நடக்கின்றன. ஜனவரி முதல் மார்ச் வரை தெற்கே கன்று ஈனுகின்றன. ஜூலைக்குப் பின்னர் வடக்கே மாரா ஆற்றை அடைந்து, முதலைகள் காத்திருக்கும் நீரிற் பாய்ந்து கரையேறுகின்றன. அங்கே மந்தைகள் மழையைத் தொடர்கின்றன. நமது நாட்டிலோ யானைகள் வறட்சிக் காலத்தில் ஒரு குளத்தை வந்தடைகின்றன. இரண்டிடத்தும் காண்பவனுக்கு வாய்க்கும் பெருங்காட்சி, விலங்குக்கு நேரும் நெருக்கடியினின்றே பிறக்கின்றது.

இலங்கையிலும் வேட்டைப் பயணங்கள் நிகழ்ந்த காலம் உண்டு. மேஜர் ரொஜர்ஸ் என்ற ஆங்கில அதிகாரி ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றதாகக் கூறுவர்; அவர் 1845ஆம் ஆண்டில் இடி விழுந்து இறந்தார். நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கர் தமது வேட்டை அனுபவங்களைப் பெரியதொரு நூலாகவே எழுதி 1853ஆம் ஆண்டளவில் வெளியிட்டார். காடுகள் காப்பித் தோட்டங்களாக மாறியதும் மலைநாட்டு யானைகளின் கதை முடிவுற்றது.

அதே நூற்றாண்டில் அதே காடுகளின் ஊடாக வேறொரு ‘சபரும்’ நிகழ்ந்தது. மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கண்டிச் சீமைக்குக் கால்நடையாக வந்த நம் தோட்டத் தொழிலாளரின் பயணம் அது. யானையும் சிறுத்தையும் உலவிய காட்டிலே, குடிநீரின்றியும் காய்ச்சல் கண்டும் வழியிலே மடிந்தவர் எண்ணற்றோர். அவர்களுக்குப் பருவம் தெரியும் உரிமை இருக்கவில்லை. காப்பிப் பழம் பழுக்கும் காலமே அவர்கள் நடக்கும் காலத்தை விதித்தது. இன்று தம்புள்ளை வீதியில் வாகனத்தில் விரைந்து செல்லும் நாம், பருவம் தேர்ந்து செல்லுதல் எத்துணைப் பெரிய பேறு என்பதை ஒருகணம் எண்ணிப்பார்த்தல் தகும்.

ஒரு காற்று, இரு முகம்

தொல்காப்பியர் முதற்பொருளை நிலம் என்றும் பொழுது என்றும் இரண்டாக வகுத்தார். நிலத்தை மட்டும் கூறினால் அமையாது. பொழுதையும் உடன் கூறவேண்டும். கானகப் பயணத்துக்கும் இஃது இன்றியமையாத இலக்கணமாகும். ‘மின்னேரியாவுக்குப் போனேன்’ என்பது பாதிச் செய்தி. ‘எப்பொழுது போனேன்’ என்பதே மறுபாதி.

இலங்கையின் பொழுதை வகுப்பவை இரண்டு காற்றுகள். மே மாதம் முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கினின்று வருவதைச் சோழகம் என்பர். டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகிழக்கினின்று வருவது வாடை. இவை மாறும் இடைக்காலங்களிலே, சிறப்பாக ஒக்டோபர், நவம்பர் மாதங்களில், மாலைதோறும் இடிமழை பொழியும். கண்டி நகருக்கு மிகுந்த மழை கிடைப்பதும் அப்பொழுதே.

சோழகக் காற்று கடலினின்று நீரைச் சுமந்து வந்து மலைநாட்டின் மேற்குச் சரிவில் மோதுகின்றது. கினிகத்தேனை, வட்டவளைப் பகுதிகளில் மாரியாகக் கொட்டுகின்றது. கண்டியிலே தூறலாகச் சிந்துகின்றது. சுமந்த நீரை மலைக்குக் கொடுத்துவிட்டு மறுபுறம் இறங்கும்பொழுது அதே காற்று உலர்ந்து, வெப்பமுற்று, சருகுகளைச் சுழற்றும் அனற்காற்றாகின்றது. கிழக்கு மாகாணத் தமிழர் அதற்குக் ‘கச்சான்’ என்று பெயரிட்டனர். மேற்கே மழையாகவும் கிழக்கே வெயிலாகவும் இரு முகங் காட்டும் இந்தக் காற்றினை அறிந்துகொண்டால், இலங்கைக் காடுகளின் பருவ மருமத்திற் பெரும்பகுதியை அறிந்தவராவோம்.

எனவேதான், கண்டியில் எசல பெரஹராவைக் குடை பிடித்துக்கொண்டு பார்க்க நேரும் அதே ஆகஸ்ட் நாளில், நூறு கிலோமீற்றருக்கு அப்பால் மின்னேரியாவிலே மண் வெடித்துக் கிடக்கின்றது.

பாலையாகும் நிலம்

எங்கள் இரண்டாம் பயணம் அத்தகைய ஓர் ஆகஸ்டில் நிகழ்ந்தது. தலதா மாளிகை வீதியில் பெரஹராவுக்கான ஆயத்தங்கள் நடந்துகொண்டிருந்தன. ஊர்வலத்துக்கு வந்த யானைகள் கால்களிற் சங்கிலியோடு தென்னோலை தின்றுகொண்டு நின்றன. மாணவர்களை முதலில் மாளிகையின் அருகேயுள்ள சிறிய காட்சிசாலைக்கு அழைத்துச் சென்றேன். நெடுங்காலம் புனித பேழையைச் சுமந்து 1988ஆம் ஆண்டில் இறந்த ‘ராஜா’ என்னும் கொம்பன் யானையின் பாடம் செய்த உடல் அங்கே வைக்கப்பட்டிருக்கின்றது. ஏறாவூர்ப் பகுதிக் காட்டிற் பிடிபட்ட யானை அது என்பர். இலங்கையில் ஆண் யானைகளுள்ளும் பத்தில் ஒன்றுக்குக்கூடக் கொம்பு வாய்ப்பதில்லை. ஆதலால் கொம்பனுக்கு அத்துணை மதிப்பு.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் மகாவலியைக் கடந்தபோது தூறல் விழுந்துகொண்டிருந்தது. மாத்தளையில் வானம் வெளுத்தது. நாலந்தையைத் தாண்டியதும் பசுமை மங்கிற்று. ஹபரணையை அடைந்தபோது வீதியோரத்துச் செடிகளெல்லாம் செம்புழுதி போர்த்து நின்றன. பிற்பகல் மூன்றரை மணிக்கு ஜீப் காட்டைக் கடந்து குளத்துவெளியில் இறங்கிற்று.

டிசெம்பரில் நாங்கள் கண்ட கடல் எங்கே? நீர் நெடுந்தூரம் பின்வாங்கியிருந்தது. அது விட்டுச்சென்ற ஈரநிலத்தில் இளம்புல் பாய் விரித்தாற்போல் முளைத்திருந்தது. அப்புல்வெளியெங்கும் யானைகள்! ஒரு மாணவன் நூற்றுப் பத்து வரை எண்ணினான். பின்னர் காட்டினின்று இன்னொரு கூட்டம் இறங்கி வரவே எண்ணுவதை நிறுத்திவிட்டான். மிகுந்து கூடும் நாட்களில் இருநூறு, முந்நூறு யானைகளையும் ஒருங்கே காணலாம். உலகில் ஆசிய யானைகள் ஓரிடத்தில் இவ்வளவு திரளாகக் கூடுவது வேறெங்கும் காண்டற்கரியது.

மூத்த பெண்யானையொன்று முன்னே நடக்க, அதன் பின்னே தங்கையரும் மகள்மாரும் கன்றுகளுமாக ஒரு குடும்பம் நடந்தது. மிகச் சிறிய கன்று தாயின் வயிற்றினடியில், நான்கு தூண்களுக்கு நடுவே நிற்பதுபோல் ஒதுங்கி நடந்தது. யானை புல் தின்னும் விதம் மாணவர்களை மிகவும் கவர்ந்தது. முன்காலின் நகங்களால் புல்லின் வேரடியைத் தட்டிப் பெயர்க்கின்றது. துதிக்கையாற் கற்றையாகச் சேர்க்கின்றது. மண் உதிரும்படி அதனைக் காலில் அடித்து, பின்னரே வாயில் இடுகின்றது. வளர்ந்த யானைக்கு நாளொன்றுக்கு நூற்றைம்பது கிலோ அளவிலான உணவு வேண்டும். நூறு லீற்றருக்கு மேல் நீர் வேண்டும். காட்டினுள்ளே நீர்க்குழிகள் வற்றி, புல் காய்ந்து போன காலத்தில், இவ்விரண்டும் ஒருங்கே கிடைக்கும் இடம் இக்குளந்தான். தனித்துத் திரியும் ஆண்யானைகளும் இங்கே வந்து சேர்கின்றன. பிரிந்து வாழும் குடும்பங்கள் சந்திக்கின்றன. நமது ஊர்த் திருவிழாவிலே உறவினர் கூடுவதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு தோன்றவில்லை.

இவ்விடத்தில் இலக்கியம் பயில்வோர்க்கு ஒரு நயமான சிக்கல் எழும். ஆவணியும் புரட்டாசியும் நம் இலக்கண நூலோர் கணக்கிற் கார்காலம், முல்லைக்குரிய பெரும்பொழுது. மின்னேரியாவிலோ அவையே கொடிய வறட்சியின் உச்சம். புலவர் வகுத்த திங்கட் கணக்கை இந்தத் தீவின் உலர்வலயத்துக்கு அப்படியே பொருத்துதல் இயலாது. எனினும் அவர்கள் கண்ட உண்மை பொய்க்கவில்லை. பாலைக்கெனத் தனி நிலம் கிடையாது. மழை பொய்த்து வெம்மை மிகும்போது முல்லையும் குறிஞ்சியுமே பாலையாகத் திரியும் என்பது சிலப்பதிகாரம் உணர்த்தும் கருத்து. பாலையை ஆக்குவது திங்களின் பெயரன்று, நீரின்மையே. நீர்வேட்கையால் வருந்தும் யானையைப் பாலைப் பாடல்களில் மீண்டும் மீண்டும் காட்டிய புலவர்கள், ‘யானையை எப்பொழுது காணலாம்’ என்ற வினாவுக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே விடை கூறிவிட்டனர் போலும்!

அன்றைய மாலையில் மனத்தை உறுத்திய காட்சியும் ஒன்று உண்டு. நற்பருவம் என்று அறிந்து வந்தவர் நாங்கள் மட்டுமல்லேம். பல பத்து ஜீப்புகள் புல்வெளியில் நின்றன. கன்றோடு நீரை நோக்கி நடந்த ஒரு தாயை நான்கு ஜீப்புகள் நெருங்கின. அவற்றுள் ஒன்று எங்களுடையது. தாய் நின்றது, காதுகளை விரித்துத் தலையை அசைத்தது, பின்னர் நீர் அருந்தாமலே திரும்பி நடந்தது. “கிட்டப் போகவேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே, சேர்” என்றான் வகுப்பில் முதன்முதல் வினா எழுப்பிய அதே மாணவன். எனக்கு மறுமொழி இல்லை. வேட்கையோடு வந்த உயிருக்கும் நீருக்கும் இடையில் நாம் நின்றுவிட்டால், எப்பருவத்தில் வந்தாலும் அது தீய பருவமே. இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தொலைவில் காத்திருப்பவரை நோக்கி யானைகள் தாமே நடந்து வரும் என்பதைப் பின்னர் கண்டோம். வார இறுதியைத் தவிர்த்து வேறு நாளிற் சென்றால் நெரிசலும் குறையும்.

கண்டியிலிருந்து ஆண்டு முழுதும்

யானைக் கூட்டத்துக்கு ஆகஸ்டும் செப்டெம்பரும் என்றால், ஏனைய மாதங்களில் கண்டி வாசிகள் வீட்டில் இருக்கவேண்டியதுதானா? அன்று. ஒவ்வொரு பருவமும் ஒவ்வொரு கானகத்தின் கதவைத் திறக்கின்றது.

ஒக்டோபரில் வாடைக்கு முன்னோடியாக வலசைப் பறவைகள் வரத் தொடங்கும். தலதா மாளிகையின் பின்னே நூறு ஹெக்டேர் அளவில் விரிந்து கிடக்கும் உடவத்தகலைக் காடு, 1938ஆம் ஆண்டிற் சரணாலயமாக்கப்பட்டது. இந்தியாவினின்று வரும் ஆறுமணிக்குருவியின் குரலை, குளிர்கால மாதங்களில் காலையும் மாலையும் அங்கே கேட்கலாம். நகரத்து மாணவனுக்குச் செலவு குறைந்த கானகம் அதுவே. மழை நாட்களிற் சென்றால் அட்டைகள் கால்களை விட்டுவைக்கமாட்டா. ஆதலால் ஜனவரி முதல் மார்ச் வரை செல்வதே நன்று. பேராதனைப் பூங்காவில் மரங்களிற் தலைகீழாகத் தொங்கும் பழந்தின்னி வௌவால்களுக்குப் பருவமே இல்லை. அவை நாள்தோறும் காட்சி தருகின்றன.

அதே ஜனவரி முதல் ஏப்ரல் தொடக்கம் வரையிலான காலம் நக்கிள்ஸ் மலைத்தொடருக்கும் ஏற்றது. மூடிய கையின் விரல்மூட்டுகள் போன்ற சிகரங்களைக் கண்டு ஆங்கிலேயர் இப்பெயரை இட்டனர். சிங்கள மக்கள் தும்பறை மலை என்பர். சோழகமும் வாடையும் இரண்டுமே மோதும் மலையாதலின் இதற்கு உலர்ந்த நாட்கள் குறைவு. 2010ஆம் ஆண்டில், ஹோட்டன் சமவெளியோடும் சிவனொளிபாத மலைக் காடுகளோடும் சேர்த்து உலக மரபுரிமையாக இதனை ஏற்றனர். மார்ச், ஏப்ரலில் வண்ணத்துப்பூச்சிகள் கூட்டங் கூட்டமாகச் சிவனொளிபாதத்தை நோக்கிப் பறந்து செல்கின்றன என்பது மலைநாட்டு மக்களின் நெடுநாள் நம்பிக்கை. வண்ணத்துப்பூச்சிக்கும் அம்மலைக்கும் சிங்களத்தில் ‘சமனல’ என்ற ஒரே பெயர் வழங்குகின்றது.

தெற்கே யாலக் காட்டில் பெப்ரவரி முதல் ஜூலை வரை சிறுத்தைகளைக் காணும் வாய்ப்பு மிகுதி. செப்டெம்பரில் வறட்சி முற்றும்போது அங்குச் சில வாரங்கள் வாயிலை மூடிவிடுவது வழக்கம். அறியாமற் சென்று திரும்பியவர் பலர். ஜூன், ஜூலையில் பாலைப்பழம் பழுக்கும். வன்னி மக்கள் விரும்பி உண்ணும் அந்தப் பழத்துக்காகக் கரடிகள் யாலையிலும் வில்பத்திலும் மரமேறும். வெம்மை மிகுந்த நாட்களில், வெம்மையின் பெயரையே தாங்கிய மரம் இனிய கனி தருவது இயற்கையின் விந்தை. கண்டிக்கு வடகிழக்கே, மகாவலிக்கும் அம்பன் கங்கைக்கும் நடுவே கிடக்கும் வஸ்கமுவக் காட்டுக்கு ஜூன் முதல் செப்டெம்பர் வரை செல்லலாம். ஒக்டோபர் மழையோடு மின்னேரியாவை விட்டு அகலும் யானைகளிற் சில கவுடுல்லைக் குளத்தையும், பின்னர் ஹுருலு வனத்தையும் நாடுகின்றன. டிசெம்பரில் எங்கள் ஜீப் ஹுருலுவை நோக்கித் திரும்பியிருந்தால் அன்று வெறுங்கையோடு வந்திருக்கமாட்டோம்.

பெரும்பொழுதோடு சிறுபொழுதையும் மறத்தலாகாது. சிறுத்தைக்கு வைகறை, யானைக்கு எற்பாடு. நண்பகலில் காடு உறங்கும். அவ்வேளையில் காட்டைச் சுற்றுவோர் ஒருவரையொருவர் பார்த்துத் திரும்புவர்.

பொல்கொல்லையில் திரும்பும் ஆறு

இவ்வளவையும் அறிந்துகொண்டு, மூன்றாம் முறை சென்றேன். சில ஆண்டுகள் கழிந்திருந்தன. மாதம் ஆகஸ்ட், மழையில்லை, கச்சான் வீசிற்று, புழுதியும் பழையதே. ஆனால், குளத்துவெளியில் இறங்கியபோது திகைத்துப்போனேன். குளம் டிசெம்பரைப்போல் நிறைந்து நின்றது! பசும்புல் விரிந்திருக்க வேண்டிய இடம் நீருக்கடியிற் கிடந்தது. காட்டின் ஓரத்திலே, நீருக்கும் முட்செடிகளுக்கும் நடுவேயுள்ள ஒடுங்கிய கரையில் இருபது, முப்பது யானைகள் நின்றன. சிலவற்றின் முதுகெலும்பு புடைத்துத் தெரிந்தது.

காரணத்தை அறிய வேண்டுமாயின் மீண்டும் கண்டிக்கே வரவேண்டும். மின்னேரியாக் குளத்தைப் பதினேழு நூற்றாண்டுகளுக்கு முன்னர் கட்டியவன் மகாசேன மன்னன். வாடை மழையிற் குளம் நிறையும். சிறுபோக வேளாண்மைக்காகத் துருசு திறக்கப்படும். ஆகஸ்டுக்குள் நீர் வற்றிப் புல் முளைக்கும். இவ்வாறு உழவனுக்கு நீரும் யானைக்குப் புல்லுமாக அந்த அணை ஈருயிர்க்கும் உதவிற்று. யானைத் திருவிழா இயற்கை மட்டும் ஆக்கியதன்று. மனிதன் கட்டிய குளமும் அவன் செய்த பயிரும் அதற்குக் காரணம்.

1976ஆம் ஆண்டில், கட்டுகஸ்தோட்டைக்கு அண்மையிலுள்ள பொல்கொல்லையில் மகாவலி மறிக்கப்பட்டது. அங்கிருந்து சுமார் எட்டுக் கிலோமீற்றர் நீளமுள்ள சுரங்க வழியாக உக்குவளைக்குச் சென்று, மின்சாரம் தந்து, சுது கங்கையிற் கலந்து, அம்பன் கங்கையாக வடக்கே ஓடுகின்றது கண்டியின் நீர். எலஹெரக் கால்வாய் அதனை மின்னேரியாவுக்கும் கொண்டுசெல்கின்றது. 2018இல் அம்பன் கங்கையின்மேல் மொரகஹகந்த நீர்த்தேக்கம் நிறைவுற்றது. வறண்ட வயல்களுக்கு நீர் வேண்டும் என்ற நல்ல நோக்கத்தோடு எழுந்த திட்டம் அது. அதன்பின் வறட்சி மாதங்களிலும் குளத்துக்கு நீர் வந்தது. சில ஆண்டுகளிற் புல்வெளி மூழ்கிற்று. யானைகளை ஆராய்வோரும் சுற்றுலாத் தொழிலை நம்பி வாழ்வோரும் கவலையுற்று, ஆகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் நீர்மட்டத்தைத் தாழ்த்தி வைக்குமாறு வேண்டினர்.

நீர் மிகுந்ததால் யானை பட்டினி கிடந்தது என்பது முரண்போலத் தோன்றும். உண்மை அதுவே. புல் கிடைக்காத யானை காட்டிலே சும்மா இருக்குமா? வயலையும் தோட்டத்தையும் நாடும். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இலங்கையில் இருந்த காட்டு யானைகள் 5,879. 2023ஆம் ஆண்டில் மட்டும் 400க்கு மேற்பட்ட யானைகளும் 150க்கு மேற்பட்ட மனிதர்களும் மாண்டனர். மனிதரிற் பெரும்பாலோர் யானையினால் மாண்ட ஏழை உழவர். பசித்த யானையை விரட்டும் உழவனும் பசிக்கு அஞ்சியே விரட்டுகின்றான். இருவரில் எவரையும் குற்றவாளியாக்கிவிட்டு நாம் சும்மா இருக்க முடியாது. வேண்டியது நீரை மறுப்பதன்று. எந்த மாதத்தில் எவ்வளவு என்று அறிந்து விடுவதே. மகாசேனன் காலத்துக் குளம் தானாகச் செய்துவந்த கணக்கை, இன்று அலுவலகத்தில் இருப்போர் அறிந்து செய்யவேண்டியிருக்கின்றது. வயலுக்கும் வனத்துக்கும் பொறுப்பான திணைக்களங்கள் ஒரே மேசையில் அமர்ந்து அந்தக் கணக்கைப் பார்த்தால் இரண்டு தரப்புக்கும் வழி உண்டு.

ஆகவே, கானகம் காணச் செல்வோரே! ஆகஸ்ட், செப்டெம்பர் என்று நாட்காட்டியிற் குறித்துவைத்தால் மட்டும் போதாது. புறப்படுமுன் ஹபரணையில் உள்ள சாரதி ஒருவரிடம், “குளத்தில் நீர் எவ்வளவு? புல் வெளிப்பட்டிருக்கின்றதா?” என்று கேளுங்கள். நீர் உயர்ந்திருந்தால் கவுடுல்லையையோ வஸ்கமுவவையோ நாடுங்கள். அதனோடு நில்லாமல், ஏன் உயர்ந்தது என்ற வினாவையும் உரியவரிடம் எழுப்புங்கள். காட்சி கிட்டாமற்போனது நமக்கு ஒருநாள் ஏமாற்றம்; யானைக்கோ அஃது ஓராண்டின் உணவு.

மூன்றாம் பயணத்தில் என்னுடன் வந்தவர்களுள் புதிய மாணவி ஒருத்தி இருந்தாள். திரும்பும் வழியில், இரவு எட்டு மணியளவில், கட்டுகஸ்தோட்டைப் பாலத்தின்மேல் வாகனம் நெரிசலில் நின்றது. மலையில் அன்றும் மழை பெய்திருந்தது. கீழே மகாவலி கலங்கி, இரு கரையும் தொட்டு ஓடிற்று. அவள் கண்ணாடியை இறக்கி நெடுநேரம் அந்நீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இந்தத் தண்ணீரும் அங்கேதான் போகுமா, சேர்?”

“போகும்.”

“எத்தனை நாளில்?”

அதனை நான் அதுவரை கணக்கிட்டதில்லை. நாளை வகுப்பில் வரைபடத்தை விரித்து எல்லாருமாகக் கணக்கிடுவோம் என்றேன். வாகனம் நகர்ந்தது. பாலத்தின் கீழே நீர் பொல்கொல்லையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது.